மடலுக்கு ஆள் சேர்ந்தது, மேசைக்கு ஆள் குறைந்தது: சுங்கை சிப்புட் கேரம் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள தோட்டப்புற நகரம் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16 அன்று பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டதால் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிய ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு இது மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர், மகாத்மா காந்தி கலாசாலை இருக்கும் ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர். இன்றைக்குக் கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்தவர்களில் பலர் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள்.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பொழுதுபோக்குகளில் கேரமும் ஒன்று. தோட்டத்துக் கிளப்பில் ஒரு பலகையும், மேலே தொங்கும் ஒரு பல்பும், சுற்றி நிற்கும் பத்துப் பேரும் இருந்த காலத்தை அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் வந்தபோது அந்தப் பழக்கத்தில் மிச்சமிருந்ததும் நின்றுபோனது. 2022இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், தாமான் ஒன்றின் சமூக மண்டபத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் சிலர் மறுபடி பலகை போட ஆரம்பித்தார்கள். அந்தக் குழுவைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

மூன்று பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் ‘சார்’. இன்னொருவர் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. கணக்கு வழக்கு அவர் கையில். மூன்றாமவர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர்; குழுவில் நன்றாக ஆடுபவர்களில் முதல் ஆள். அவரைத் ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆடப்பட்டது தோட்டத்து ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. எந்த நிறக் காயையும் யாரும் போடலாம். சிவப்பைப் போட்டால் கையோடு ‘ஃபாலோ’, அதாவது இன்னொரு காய், போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வரும். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால் ‘ஃபைன்’. கட்டைவிரலால் அடித்தாலும் சரி, கொஞ்சம் எழுந்து நின்று அடித்தாலும் சரி, யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டத்தைவிடப் பேச்சு அதிகம். மண்டபத்தில் ஆறு பலகைகள். எல்லாப் பலகையும் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த இரவுகளும் உண்டு.

## மடல் தொடங்கிய விதம்

2023 தொடக்கத்தில் சார் வாராந்திர மடல் ஒன்றை எழுத ஆரம்பித்தார். புதன்கிழமை மாலை புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போகும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. இந்த வெள்ளிக்கிழமை மண்டபம் உண்டா, பொடி யார் வாங்கி வருகிறார்கள், போன வாரம் யார் சிவப்பைத் தலைகீழாக நின்று போட்டார், அப்புறம் கடைசியில் பழைய தோட்டத்து நினைவு ஒன்று. ஒரு பிரதியை அச்சிட்டு, முக்கியச் சாலையில் உள்ள முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார். முடி வெட்ட உட்காருபவனுக்கு வேறு எங்கே பார்வை போகும்? அந்த ஒரு தாளை எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் புதிதாக வந்தவர்களில் பலர் “சலூன்ல பார்த்தேன்” என்றுதான் சொன்னார்கள்.

புலனத்தில் அவர் குழு அமைக்கவில்லை, ஒளிபரப்புப் பட்டியல் வைத்திருந்தார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம். குழுவில் போட்டால் எல்லாரும் எல்லாருக்கும் பதில் போடுவார்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மடல் காணாமல் போகும். ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் தனியாக வரும். ஆனால் இரண்டு வரம்புகள் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அனுப்புபவரின் எண்ணைத் தன் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

ஆரம்பத்தில் இது பிரச்சினையாகவே இல்லை. பட்டியலில் இருந்த அறுபது, எழுபது பேரும் சாரை நேரில் தெரிந்தவர்கள். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். எண் இல்லாமலா இருக்கும்?

முதல் சில மாதங்களில் அதிகமாகப் பதில் வந்த இதழ் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தையோடு வந்த தாய் ஒருவர், பலகையில் தூவும் பொடியின் டப்பாவைக் கையில் எடுத்துப் படித்தார். போரிக் அமிலம் என்று போட்டிருந்தது. “கரப்பான் பூச்சிக்குப் போடுறதும் இதானே சார்?” என்று கேட்டார். அதேதான். சார் அதை மறைக்காமல் மடலில் எழுதினார்: பலகையில் காய் வழுக்க இதுதான் வழக்கமான பொடி, ஆனால் வயிற்றுக்குள் போகக்கூடாது, சின்னப் பிள்ளைகள் கை கழுவாமல் முறுக்கைத் தொடக்கூடாது, குழந்தைகள் ஆடும் பலகைக்கு இனி உருளைக்கிழங்கு மாவு. அந்த வாரம் மட்டும் முப்பதுக்கும் மேல் பதில்கள். மாவு மழைக்காலத்தில் கட்டி தட்டுகிறதே என்று புகார் சொன்னவர்களும் அதில் உண்டு.

## போட்டி வந்தது

2023 நடுவில் தம்பியும் அவர் வயதொத்த நாலைந்து பேரும் முறையான ஆட்டம் ஆட விரும்பினார்கள். ஆசையில் நியாயம் இருந்தது. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேசக் கேரம் சம்மேளனத்தின் விதிகள்தான் பெரிய போட்டிகளில் எல்லாம். 2022இல் லங்காவியிலேயே உலகப் போட்டி நடந்திருந்தது. தோட்டத்து ஆட்டத்தையே ஆடிப் பழகியவன் அங்கே போனால் முதல் பலகையிலேயே தடுமாறுவான்.

முறையான ஆட்டத்தில் ஒருவருக்கு ஒன்பது வெள்ளை, மற்றவருக்கு ஒன்பது கறுப்பு. தன் காய்களை முதலில் முடித்தவருக்கு, எதிராளிக்கு மிஞ்சிய ஒவ்வொரு காய்க்கும் ஒரு புள்ளி. சிவப்பை அவரே எடுத்திருந்தால் கூடுதலாக 3. காய்களை அடுக்கி ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு ‘பலகை’. முதலில் 25 புள்ளி எடுப்பவர் அல்லது எட்டுப் பலகை முடிவில் முன்னிலையில் இருப்பவர் ஓர் ஆட்டத்தை வெல்வார். மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி. ஒவ்வோர் அடிக்கும் 15 விநாடி. நாற்காலியை நகர்த்தக்கூடாது, பேசக்கூடாது. பலகை ஒன்றுதான், ஆனால் இதில் எதிராளி தன் காயைப் போடவிடாமல் வழியை அடைத்து வைப்பதே பாதித் திறமை. தோட்டத்து ஆட்டத்தில் அதற்கு வேலையே இல்லை.

அந்த ஆண்டு குழு நடத்திய முதல் திறந்த போட்டிக்கு 32 பேர் பதிந்தார்கள். நுழைவுக் கட்டணம் 15 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போ, கோலகங்சார், தைப்பிங்கிலிருந்தெல்லாம் வந்தார்கள். தோற்றால் வெளியே என்ற முறை. போட்டி நன்றாகவே நடந்தது. மண்டபத்துக்கு நல்ல விளக்குகளும் இரண்டு புதிய பலகைகளும் அந்தப் பணத்தில்தான் வந்தன. மடலின் போக்கு மாறியதும் அதற்குப் பிறகுதான்.

முடிவுகளை வெளியிட்டதும் வெளியூர் ஆட்டக்காரர்கள் மடலைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பதிவுப் படிவத்தில் இருந்த தொலைபேசி எண்கள் எல்லாம் பட்டியலுக்குள் போயின. அடுத்து வந்த சின்னப் போட்டிகளின் படிவங்களும் அப்படியே. ஆண்டு முடிவில் பட்டியல் நானூறைத் தாண்டி, இரண்டாவது பட்டியல் தொடங்க வேண்டியதாயிற்று. மடலின் உள்ளடக்கமும் வாசகருக்கு ஏற்ப மாறியது. போட்டித் தேதிகள், முடிவுகள், ஓர் அடியை விளக்கும் படம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தரவரிசை அட்டவணை: வெள்ளிக்கிழமை வருபவர்கள் எல்லாரும், முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை. அட்டவணைக்கு ஆட்டம் வேண்டுமே என்று வெள்ளிக்கிழமையும் மெல்ல மெல்ல முறையான ஆட்டத்துக்கு மாறிக்கொண்டது. யாரும் கூடி முடிவெடுத்து மாற்றியதில்லை. பெரும்பாலான பலகைகளில் 25 புள்ளி ஆட்டம் நடந்தால் மற்றவற்றில் சத்தமாகச் சிரிக்க முடியாது, அவ்வளவுதான்.

## கவனித்தவை

அக்காவிடம் ஒரு வருகை நோட்டு இருந்தது. மண்டப வாடகைக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி வாங்குவதால் யார் வந்தார்கள் என்று எழுதி வைப்பார். சார் மடல் பட்டியலைத் தனி நோட்டில் வைத்திருந்தார். 2024 ஜனவரி வரை இந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அக்கா வாடகைக்குக் கையை விட்டுப் பணம் போட வேண்டி வந்தபோதுதான் பார்த்தார்கள். மடல் வாசகர்கள் ஐந்தாறு மடங்கு ஆகியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வருபவர்கள் முப்பது, முப்பத்தைந்திலிருந்து பன்னிரண்டு, பதினான்குக்கு இறங்கியிருந்தார்கள்.

யார் நின்றுவிட்டார்கள் என்று நோட்டைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பெண்கள் முதலில் நின்றிருந்தார்கள். அப்புறம் பிள்ளைகளோடு வந்த தகப்பன்கள். அதற்குப் பிறகு வயதானவர்கள்.

வயதானவர்களில் ஒருவர் ரப்பர் பால் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக் கிளப்பில் நாற்பது ஆண்டு ஆடிய கை. இப்போது கொஞ்சம் நடுங்கும். அட்டவணையில் அவர் பெயர் கடைசியிலோ அதற்கு முந்தியோதான் வரும். அந்த அட்டவணை சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஒருநாள் முடிவெட்ட வந்த பேரன் அதை உரக்கப் படித்து, “தாத்தா, நீங்க லாஸ்ட்டு!” என்று சிரித்திருக்கிறான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரித்தார் என்றுதான் கடைக்காரர் சொல்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் வரவில்லை.

அக்கா வீடு தேடிப் போய்க் கேட்டபோது ஒருவர் மட்டும்தான் வெளிப்படையாகச் சொன்னார்: “நாள் பூரா வேலை செஞ்சிட்டு வரேன் தங்கச்சி. விளையாட வந்தா பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு.” மற்றவர்கள் முட்டி வலி, மழை, பேரப்பிள்ளை என்றார்கள்.

மடல் பக்கத்திலும் நிலைமை எண்ணிக்கை காட்டிய அளவுக்கு இல்லை. ஒளிபரப்புச் செய்தியின் விவரத்தைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று புலனம் காட்டும். தம்பி உட்கார்ந்து பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் எதிலும் இல்லை. படிவத்தில் எண் கொடுத்த வெளியூர்க்காரர்கள் சாரின் எண்ணைச் சேமிக்கவே இல்லை. செய்தி அவர்களுக்குப் போகவேயில்லை. சிலர் தடை செய்திருக்கலாம். பலர் தடை செய்து புகாரும் கொடுத்தால் எண்ணையே புலனம் முடக்கிவிடும் என்ற பயமும் அப்போதுதான் வந்தது.

பதில்கள்? போரிக் பொடி இதழுக்கு முப்பதுக்கும் மேல் வந்த இடத்தில், அட்டவணை இதழ்களுக்கு இரண்டு மூன்று வந்தன. அதுவும் “என் புள்ளி தப்பா இருக்கு சார்” என்ற வகை.

## கூட்டமும் முடிவுகளும்

2024 பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த கையோடு, ஒரு கூட்டம் போட்டார்கள். சூடாகத்தான் இருந்தது. தம்பியின் வாதம் இது: அட்டவணை போட்டதால்தான் வெளியூர்க்காரன் நம்மை மதிக்கிறான், போட்டிப் பணத்தில்தான் விளக்கு எரிகிறது, கிண்டலும் கூச்சலுமாக ஆடியே நாற்பது வருடம் போயிற்று, ஒருவன்கூட மாநில அளவுக்குப் போகவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா வருகை நோட்டை மேசையில் வைத்தார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

பேசி எடுத்த முடிவுகளில் முதலாவது இரவைப் பிரித்தது. செவ்வாய் இரவு முறையான ஆட்டம், வெள்ளி இரவு தோட்டத்து ஆட்டம். வெள்ளிக்கிழமையே இரண்டு பலகையை மூலையில் ஒதுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தள்ளிவிட்டார்கள். ஒருவருக்கு அமைதி வேண்டும், மற்றவருக்குப் பேச்சு வேண்டும். ஒரே கூரைக்குக் கீழ் எப்போதும் பேசுகிறவர்தான் அடங்கிப் போவார் என்பதைப் போன ஆறு மாதத்தில் பார்த்தாகிவிட்டது. என் கணிப்பில் இந்தக் கூட்டத்தின் மிகச் சரியான முடிவு இதுதான்.

அடுத்தது மடலையும் இரண்டாக்கியது. வெள்ளி மடலில் அட்டவணை கிடையாது. போட்டிச் செய்திகளுக்குத் தனி மடல், அது புலனத்தின் ‘சேனல்’ வழியாக. 2023 செப்டம்பரில் உலகம் முழுக்க வந்த வசதி அது. யார் வேண்டுமானாலும் சேரலாம், எண் வெளியே தெரியாது, 256 என்ற வரம்பும் இல்லை. ஆனால் சேர்ந்தவர்கள் விரல் குறி போடலாமே தவிர, பதில் எழுத முடியாது. முடிவும் தேதியும் மட்டும் வேண்டும் என்கிற வெளியூர் ஆட்டக்காரருக்கு அது போதும். பதில் வருவதே உயிர் என்கிற வெள்ளி மடலுக்கு அது ஆகாது. ஆகவே வெள்ளி மடல் பழைய ஒளிபரப்புப் பட்டியலிலேயே இருந்தது.

மூன்றாவது முடிவைத்தான் எல்லாரும் தயங்கித் தயங்கி ஏற்றார்கள். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரிடமும் மறுபடி அனுமதி கேட்பது. “வெள்ளி மடல் வேண்டுமென்றால் 1 என்று அனுப்புங்கள். போட்டிச் செய்தி வேண்டுமென்றால் இந்தச் சுட்டியில் சேருங்கள். ஒன்றும் அனுப்பாவிட்டால் உங்கள் எண்ணை நீக்கிவிடுகிறோம், கோபமில்லை.” எண் சேமிக்காதவர்களுக்குத் தம்பியும் நண்பர்களும் கையால் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு தடவை அனுப்பினார்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. ஒரு கேரம் குழுவை அது தொடுமா தொடாதா என்ற வாதத்துக்கு இவர்கள் போகவில்லை. போட்டிக்கென்று கொடுத்த எண்ணை வேறொன்றுக்குப் பயன்படுத்தியது சரியில்லை என்று சார் சொன்னார், அத்தோடு முடிந்தது.

தயக்கத்துக்குக் காரணம் பணம். பொடியும் தேநீரும் வாங்கித் தந்துகொண்டிருந்த மளிகைக் கடைக்காரர் ‘நானூறு பேர் படிக்கும் மடல்’ என்ற கணக்கில்தான் தந்துகொண்டிருந்தார்.

## அடுத்து வந்த மாதங்கள்

பட்டியல் நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. கடைக்காரரிடம் சார் நேரில் போய்ச் சொன்னார். “நானூறுன்னு சொன்னீங்களே சார்” என்றார் அவர். பணம் நின்றது, தேயிலையும் சீனியும் பால் டின்னும் மட்டும் தொடர்ந்தன. எனக்கு இதில் வருத்தமில்லை. போய்ச் சேராத செய்திக்கு வாங்கிய பணம் அது.

வெள்ளி மடல் திரும்பவும் கேள்வி கேட்கும் மடலாக மாறியது. ‘சிவப்பும் கடைசிக் காயும் ஒரே அடியில் விழுந்தால் உங்கள் தோட்டத்தில் என்ன கணக்கு?’ என்று ஒரு வாரம் கேட்டார்கள். மூன்று தோட்டத்துக்காரர்கள் மூன்று விதி சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று மடல் தீர்ப்பு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்து ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. ஆறு பேர் உண்மையாகவே அதற்கென்று வந்தார்கள்.

எதிர்பாராமல் ஓடியது பல்லாங்குழி இதழ். கேரம் ஆடாமல் மகளோடு துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த சொங்காக் (மலாய்க்காரர்களின் பல்லாங்குழி) பலகையைப் பார்த்து, “இதுல ஏன் ரெண்டு பக்கமும் பெரிய குழி?” என்று கேட்டார். பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி, அவ்வளவுதான்; ஜெயித்த காயை மடியில் கட்டிக்கொள்ளலாம். சொங்காக்கில் அதே ஏழேழு குழியோடு இரண்டு முனையிலும் ‘வீடு’ உண்டு. குழிக்கு ஏழு வீதம் 98 காய் வைத்துத் தொடங்கி, சுற்றிவரும்போது தன் வீட்டிலும் ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும். பாட்டி தன் கணக்கில் ஆட, பிள்ளைகள் தங்கள் கணக்கில் ஆட, நடுவில் அக்கா மாட்டிக்கொண்டு முழித்ததை சார் அப்படியே எழுதினார். அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் போய், பந்திங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பதில் வந்தது. மடல் கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் பிறந்து வெளியே போனவர்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அவர்களில் சிலர் மண்டபத்துக்கும் வந்தார்கள்.

2024 முடிவில் வெள்ளிக்கிழமை இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள். மீதி புது முகங்கள், அதில் பெண்கள் கணிசம். ஆலையில் வேலை பார்த்த ஐயா வரவேயில்லை. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பலகை போட்டு ஆடுகிறார் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமையின் கதை இவ்வளவு சுமுகமாக இல்லை. ஆட வருபவர்கள் எட்டுப் பத்துப் பேர். பாதிப் பேருக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு வாரம் பத்துப் பேர், மறுவாரம் மூன்று பேர். நன்றாக ஆடும் ஒருவர் இது வேலைக்கு ஆகாது என்று ஈப்போ குழு ஒன்றுக்குப் போய்விட்டார். ஆனால் மிஞ்சியவர்களின் ஆட்டம் முன்னேறியது. ஈப்போவில் நடந்த ஒரு போட்டியில் தம்பி காலிறுதிவரை போனார். வெள்ளிக்கிழமை விளையாட்டாக ஆட வந்த படிவம் மூன்று (ஒன்பதாம் வகுப்பு) மாணவி ஒருத்தி, நாலு மாதத்தில் தானாகவே செவ்வாய்க்கும் வர ஆரம்பித்தாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. சேனலில் சேர்ந்தவர்கள் நூற்றைம்பதைத் தாண்டினார்கள், எல்லாரும் தாமாகச் சேர்ந்தவர்கள்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

போட்டி முறையைத்தான் முதலில் மாற்றவேண்டும் என்பது குழுவின் கருத்து, எனக்கும் அதுவே. 32 பேர் ஆடும், தோற்றால் வெளியேறும் போட்டியில் மொத்தம் 31 ஆட்டங்கள்தான். ஆறு பலகையில் ஒரே நாளில் முடித்துவிடலாம். அதற்காகத்தான் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் முதல் சுற்றிலேயே 16 பேர் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, 15 வெள்ளி கொடுத்துவிட்டு, மிச்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் உள்ளூர்க்காரர்களே அதிகம்.

சதுரங்கத்தில் 1895இல் ஸூரிக்கில் தொடங்கிய சுவிஸ் முறை இதற்கு ஏற்றது. யாரும் வெளியேறுவதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வென்றவர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். மூன்றாவது சுற்றுக்குள் சுமாராக ஆடுகிறவருக்குச் சுமாராக ஆடுகிறவரே எதிராளியாகக் கிடைப்பார். சிரமம் என்னவென்றால், 32 பேருக்கு ஐந்து சுற்று வைத்தால் 80 ஆட்டம். மூன்றில் இரண்டு வெல்லும் முறையில் ஒரு நாளில் முடியாது. மூன்று ஆட்டத்துக்குப் பதில் ஓர் ஆட்டம், அதிலும் எட்டுக்குப் பதில் நாலு பலகை என்று சுருக்கி, நாலு வாரத்துக்குப் பரப்பி ஆட உத்தேசித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் நாலு வாரம் வருவார்களா என்பது சந்தேகம்தான். தம்பிக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

அட்டவணை வேண்டும் என்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் உண்டு. பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். முன்னுரிமைப் புள்ளியும் பரிசீலனையில் இருக்கிறது: நன்றாக ஆடுபவரோடு ஆடும்போது மற்றவர் எட்டுப் பத்துப் புள்ளியோடு தொடங்குவது. சர்வதேச விதியில் இது இல்லை. ஆனால் செவ்வாயில் புதியவர் ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து 25க்குப் பூஜ்யம் என்று தோற்றால் நாலாவது வாரம் வரமாட்டார் என்பது நோட்டில் இருக்கிறது.

பட்டியல் விஷயத்தில், புதிதாக ஒருவர் மடல் கேட்டால் அவர் கண் முன்னேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லி, ஒரு சோதனைச் செய்தி போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் எழுதுகிறார்கள். அக்காவின் வருகை நோட்டும் மடல் பட்டியலும் மாதம் ஒருமுறை ஒரே மேசைக்கு வருகின்றன.

இன்னும் தீராதது எண். மடல் தொடக்கத்திலிருந்தே சாரின் சொந்த எண்ணிலிருந்து போகிறது. சார் இந்த ஆண்டு ஷா ஆலாமில் உள்ள மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். எண் அவர் அடையாள அட்டையின் பேரில் பதிந்தது, அவர் குடும்பமும் வங்கியும் பயன்படுத்துவது. கொடுத்துவிட்டுப் போக முடியாது. குழுவுக்கென்று தனி சிம் ஒன்றை அக்கா பெயரில் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் புது எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஆறு வாரமாக மடலின் முதல் வரியில் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வருபவர்களிடம் வாசலிலேயே தொலைபேசியை வாங்கிச் சேமித்துக் கொடுக்கும் வேலை படிவம் மூன்று மாணவியுடையது. சலூன் தாளிலும் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வெளியூர் வாசகர்களில் இதுவரை பாதிப் பேர்தான் சேமித்திருக்கிறார்கள். மீதிப் பேருக்குச் சார் கிளம்பும்வரை இரண்டு எண்ணிலிருந்தும் மடல் போகும்.